ஹார்ன் அடித்தால் காற்று வரும்

"உங்க சித்திக்கு எங்க வீட்டுக்காரர் அடிச்ச ஹார்ன் கேட்கலையா?"

ரொட்டிக் கடை அக்கா இப்படிக் கேட்டபோது என் கையில் சூடான ரொட்டிப் பொட்டலம் இருந்தது. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களும் என் வாயையே பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். "அவர் ஹார்ன் எப்படி இருக்கும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்" என்று அக்கா யாரிடமோ சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இப்போது எனக்குப் பதில் தெரியும். ஆனால் கேட்டவர் இந்த ஊரை விட்டே போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபின் நான் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. விளங்காத இடம் இருந்தால் அது என் எழுத்தின் குறை, நடந்தது இதுதான்.

நான் இருப்பது என் சித்தி வீட்டில். சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, எங்கள் ஊர்ச் சுரங்கப்பாதையில் காற்று விடுகிறவர். கேட்டால் சிரிப்பு வரும். சித்தப்பாவே சிரிப்பார். அவர் தையல்காரர். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே பேசுவார். "ஊர்ல எல்லாரும் சாயங்காலம் காத்து வாங்கப் போவாங்க. என் வீட்டுக்காரி மட்டும் காலையிலேயே காத்து விடப் போயிடுவா" என்பார். சித்தி அதற்கு, "நான் விடுற காத்துக்குச் சம்பளம் வருது. நீங்க விடுற காத்துக்கு என்ன வருது?" என்பார். இந்த ஒரே சண்டையை எத்தனை வருடமாகப் போடுகிறார்கள் என்று தெரியாது. இரண்டு பேருக்கும் அலுக்கவே இல்லை.

மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். அந்தப் பக்கம் தொழிற்சாலைகளும் பெரிய ஆஸ்பத்திரியும். நடுவே மலையைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதை. எங்கள் ஊர்ப் பக்கம் தாழ்வு, அதனால் இதைக் கீழ்வாசல் என்போம். அந்தப் பக்கம் மேல்வாசல். உள்ளே சாலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். உண்மையில் அடுத்தடுத்து இரண்டு குழாய்கள் உண்டு, போக ஒன்று, வர ஒன்று. நடுவில் அங்கங்கே பச்சைக் கதவுகள் வைத்து இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். ஒரு குழாயில் ஆபத்து என்றால் கதவைத் திறந்துகொண்டு மற்றதற்குள் போய்விடலாம். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு குழாயின் சுவரில் தண்ணீர் கசிந்தது. மழை முடிந்ததும் சரிசெய்து திறப்போம் என்று மூடினார்கள். அதற்குப்பிறகு எத்தனையோ மழை முடிந்துவிட்டது. அன்றிலிருந்து போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாம் ஒரே குழாயில்தான்.

குழாயின் கூரையில் ஜோடி ஜோடியாகக் காற்றாடிகள் தொங்கும். நம் வீட்டு மின்விசிறி மாதிரி இல்லை, படுக்கவைத்த பீப்பாய் மாதிரி இருக்கும். அவற்றை எந்தப் பக்கம் சுழலவிடுவது, எவ்வளவு வேகத்தில் விடுவது என்பதெல்லாம் கீழ்வாசலுக்கு மேலே இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் முடிவாகும். சித்தி உட்காருவது அங்கேதான். நான் ஒருமுறை அவர் மறந்துவிட்டுப்போன மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்தேன். சுவர் முழுக்கத் திரைகள். ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும் நாற்காலி. சித்தப்பா தைத்துக் கொடுத்த ஒரு தலையணை. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் ஒரு முள். சித்தி என்னோடு பேசிக்கொண்டிருந்தாலும் கண் அந்த முள்ளை விட்டு நகரவில்லை. வீட்டிலும் அப்படித்தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் திரைச்சீலை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பார். யாராவது சிகரெட் பற்றவைத்தால், பேச்சை நிறுத்தாமலே நடந்து மறுபக்கம் போய் நின்றுகொள்வார்.

இனி அந்த ஹார்ன் பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

உள்ளே வண்டிப்புகை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்க ஒரு கருவி இருந்தது. அது கெட்டுப்போனது. மாற்றுக் கருவி வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது இல்லாமல் உள்ளே மூச்சு முட்டுகிறதா இல்லையா என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. கருவி கெட்ட வருட வெயில் காலத்தில் ஒருநாள் உள்ளே வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. ரொட்டிக் கடை அக்காவின் வீட்டுக்காரர் தன் வேனோடு நடுவில் மாட்டிக்கொண்டார். அவரை ஊரே ரொட்டியண்ணன் என்று கூப்பிடும். மேல்பக்கத்துக் கேன்டீன்களுக்கு ரொட்டி கொண்டுபோவார். குண்டான மனிதர், வியர்த்தால் சட்டை முழுக்க நனைந்துவிடும். அவர் வேன் நின்றது சுவரில் இருந்த அவசர ஃபோன் கூண்டுக்குப் பக்கத்தில். அந்தக் கூண்டில் மைக் உண்டு, சத்தம் மேலே அறையில் கேட்கும். புழுக்கம் தாங்காமல் ஹார்னை அடித்தார். இரண்டு சின்னது, ஒரு நீளம். சித்திக்கு அது கேட்டது. பாவம், மூச்சு முட்டுகிறதுபோல என்று காற்றாடிகளைக் கூட்டினார். உள்ளே சட்டென்று காற்று வந்தது.

மறுநாள் கடையில் அவர் சொன்ன கதையை நான் நேரில் கேட்டேன். கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு, "ஹார்ன் அடிச்சேன். உடனே குளுகுளுன்னு வருது. கடவுள்கிட்ட கேட்டாக்கூட இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. நம்ம காத்தக்காகிட்ட கேளுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். சித்திக்கு அந்தப் பேர் அன்று ஒட்டிக்கொண்டது. மற்ற ஓட்டுநர்களும் பழகிவிட்டார்கள். உள்ளே புழுங்கினால் சேர்ந்து ஹார்ன் அடிப்பார்கள். காற்று வரும். வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ரொட்டியண்ணன் மட்டும் கடைசியாக ஒருமுறை தன் இரண்டு சின்னது, ஒரு நீளத்தை அடிப்பார். அது நன்றி.

சித்தியோடு மாறி மாறி வேலை செய்தவர்களும் அதையே செய்தார்கள். சுரங்கப்பாதை இன்ஜினியருக்கும் தெரியும். கருவி வரும்வரை இதுதான் கருவி என்று அவர் சிரித்ததாகச் சித்தி சொன்னார். யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இத்தனை பேர் இவ்வளவு நாள் ஒருவருக்கொருவர் உதவியாக இருந்த ஒரு விஷயம்.

தீ என்று வந்தால் செய்ய வேண்டியது வேறு. அதைக் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதை நான் இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது.

தீப்புகை சூடானது. நேரே கூரைக்குப் போய், கூரையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பரவும். காற்றைக் குறைத்து வைத்தால் கொஞ்ச நேரம் அது மேலேயே நிற்கும். அடியில் மனிதர்கள் நடந்து வெளியேறலாம். காற்றை முழுக்கக் கூட்டினால் புகை கலைந்து தரைவரை இறங்கி, ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்ளும். மறுபக்கம் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாகும். ஒருவழிப் பாதையில் இது கஷ்டமே இல்லை. தீக்கு முன்னால் போன வண்டிகள் ஓட்டிக்கொண்டே வெளியே போய்விடும். பின்னால் நிற்பவர்கள் பக்கமிருந்து காற்றை விட்டால் போதும். இருவழியில் தீக்கு இரண்டு பக்கமும் மனிதர்கள் நிற்பார்கள். அதனால் விதி: முதலில் காற்றைக் குறை, எல்லோரும் இறங்கி நடக்கட்டும், பிறகு கூட்டு.

அந்த விதிக்கு ஒரே ஒரு தேவைதான். எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும்.

அன்று மத்தியானம் சித்தி சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். மெத்தைகளை ஏற்றிய லாரி ஒன்று மேல்வாசல் நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் முன்பக்கம் புகைந்தது. ஓட்டுநர் குதித்து ஓடுவது திரையில் தெரிந்தது. சித்தி இரண்டு வாசலிலும் சிவப்பு விளக்கைப் போட்டார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். காற்றைக் குறைத்தார். ஒலிபெருக்கியில், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்குங்கள், பச்சைக் கதவுக்கு நடந்து போங்கள் என்று சொன்னார். விதியில் இருந்த ஒவ்வொன்றையும், இருந்த வரிசையிலேயே செய்தார். விசாரணையிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

கீழ்ப்பக்கம் லாரிக்குப் பின்னால் ஒரு பேருந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதில் அதிகம். ஓட்டுநர் எல்லோரையும் இறக்கினார். நடக்க முடியாதவர்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கத்தில் வந்தார்கள். பச்சைக் கதவு வரை வரிசையாக வருவது சித்திக்குத் திரையில் தெரிந்தது.

மேல்பக்கம் தெரியவில்லை. சாலை ஏறுவதால் புகை அந்தப் பக்கம்தான் முதலில் ஓடியது. கேமராக்கள் கூரையில் இருக்கின்றன. புகையும் கூரையில். ஒவ்வொரு திரையாகக் கறுத்தது. அதன் அடியில் தரையில் இன்னும் நல்ல காற்று இருக்கிறது, நடக்க இடம் இருக்கிறது என்று சித்திக்குத் தெரியும். அங்கே எதிரே வந்த வண்டிகள் வரிசையாக நிற்கின்றன என்றும் தெரியும். ஆனால் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

அப்போதுதான் மைக்கில் ஹார்ன் கேட்டது.

முதலில் ஒன்று. பிறகு நாலைந்து. பிறகு எல்லாம் சேர்ந்து. அவர்கள் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து, பழகின மாதிரியே காற்று கேட்டார்கள். சித்தி ஒலிபெருக்கியில் கத்தினார். இறங்குங்க, நடங்க, ஹார்ன் அடிக்காதீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சத்தத்தில் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. குழாய்க்குள் ஒரு வண்டி ஹார்ன் அடித்தாலே காது அடைக்கும். அவர்கள் அவரைக் கூப்பிட்ட சத்தமே அவர் சொன்னதை மூடிவிட்டது.

சிலர் இறங்கி நடந்தார்கள். அவர்கள் பிழைத்தார்கள். அதில் ஒரு பெண் விசாரணையில் சொன்னது பிறகு ஊரெல்லாம் பரவியது. அவர் காரை விட்டு இறங்கி ஓடும்போது, மேலே ரொட்டி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வேனைத் தாண்டிப் போயிருக்கிறார். ரொட்டியண்ணன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "பயப்படாதீங்கம்மா, மேல அக்கா இருக்காங்க. இப்ப காத்து விட்டுடுவாங்க. உள்ள உட்காருங்க" என்றாராம். அந்தப் பெண் நிற்கவில்லை. பச்சைக் கதவு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

மெத்தைகள் பற்றிக்கொண்டபின் தீ வேறு மாதிரி ஆகிவிட்டது. குறைத்துவைத்த காற்றால் புகையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அது காற்றை எதிர்த்துக்கொண்டு, கூரை வழியாகவே கீழ்ப்பக்கமும் இறங்கத் தொடங்கியது. பேருந்துக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே புகையின் நுனி தவழ்ந்து வருவதைச் சித்தி திரையில் பார்த்தார். தூரம் போகப் போகப் புகை ஆறும். ஆறினால் தரைக்கு இறங்கும்.

தீயணைப்பு வண்டி கீழ்வாசலுக்கு வந்துவிட்டது. அதன் அதிகாரி ஃபோனில் வந்தார். அவர் அதட்டவில்லை என்று சித்தி சொன்னார், கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார்.

"அம்மா, காத்தை முழுசா கூட்டுங்க. பின்னால காத்து இல்லாம என் ஆளுங்க உள்ள போக முடியாது."

"மேல ஆளுங்க இருக்காங்க சார். ஹார்ன் அடிச்சிட்டே இருக்காங்க."

"கீழயும் இருக்காங்கம்மா. இவங்க உங்க கண்ணுக்குத் தெரியிறாங்க. தெரியிறவங்களையாவது காப்பாத்துங்க."

காற்றைக் கீழ்ப்பக்கம் திருப்பியிருக்கக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். நானும் கேட்டேன். முடியாது. சூடான புகை ஏற்றத்தில்தான் இழுக்கும். அதைத் திருப்பிக் கீழே தள்ளும் அளவுக்கு அந்தக் காற்றாடிகளுக்குப் பலம் இல்லை. திருப்பியிருந்தால் இரண்டு பக்கமும் போயிருக்கும். இதை இன்ஜினியரும் சொன்னார், விசாரணைக்கு வந்தவர்களும் சொன்னார்கள். இருவழியாக விட்டால் இப்படி ஆகலாம் என்று அவர்களுக்கு முன்பே தெரியுமாம். இன்னொரு குழாய் சீக்கிரம் திறந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்களாம்.

சித்தி ஒலிபெருக்கியில் கடைசியாக ஒருமுறை கத்தினார். பிறகு காற்றை மேல்வாசல் பக்கமாக முழுக்கக் கூட்டினார்.

மேல்பக்கம் ஏழு பேர்.

விசாரணை முடியும்வரை இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் யாரும் பேசக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சித்தி, சொன்ன சொல் கேட்கிறவர். ரொட்டிக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டு என்னை அனுப்பினார். வேறு கடை பார்க்கலாமே என்று சித்தப்பா சொன்னதற்கு, "வேண்டாம். அங்கேயே வாங்கட்டும்" என்றார். அக்காவும் எதுவும் பேசாமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அடுப்பு வேலை, கல்லா எல்லாம் அவர் ஒருவர்தான். ஒருநாள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சித்தியிடம் சொன்னேன். சித்தி அடுப்பங்கரையில் இருந்தார். தேநீருக்கு வைத்த கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் ஆவி மேலே போய் அலமாரியின் அடிப்பலகையில் முட்டி, இரண்டு பக்கமும் பரவியது. சித்தி குனிந்து அதன்மேல் மெதுவாக ஊதினார். ஆவி பலகையோடு ஒட்டிக்கொண்டு அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. கொஞ்சம் பலமாக ஊதினார். எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சுவரில் முட்டிக் கீழே கொட்டியது. மறுபடி மெதுவாக. மறுபடி பலமாக. தண்ணீர் வற்றிக் கெண்டி தீயும் வாசம் வந்தபோது நான்தான் அடுப்பை அணைத்தேன். அன்றைக்குப் பிறகு பல நாள் அவர் இதைச் செய்வதைப் பார்த்தேன். சித்தப்பாவும் பார்த்தார். அவர் காத்து விடுகிற கிண்டலை நிறுத்திவிட்டார்.

இரண்டு பக்கமும் போகாமல், கீழேயும் இறங்காமல் நிற்கிற ஒரு ஊதல் இருக்கிறதா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கெண்டியிலும் அது இல்லை.

விசாரணை முடிந்தது. யார் மேலும் தவறு இல்லை என்றார்கள். சித்தி விதிப்படி நடந்துகொண்டார் என்று பாராட்டவும் செய்தார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை. பார்த்தால் வழிவிட்டார்கள், அவ்வளவுதான். சித்தி ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடை அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடித்தால்தான் மறுபடி அந்த நாற்காலியில் உட்காரத் தனக்கு உரிமை உண்டு என்று நினைத்தார். என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று தனியாகப் பேசிப் பார்ப்பார். துணி மடிக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

விசாரணை முடிந்த மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் இல்லாத நேரம். அக்கா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார். வருவார் என்று எதிர்பார்த்திருந்த மாதிரி இருந்தது.

"வாங்கக்கா" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். சுத்தி வளைக்காம சொல்லுங்க. அவர் ஹார்ன் உங்களுக்குக் கேட்டுச்சா?"

சித்தி தயார்செய்து வைத்திருந்தது அத்தனையும் இந்தக் கேள்விக்கு முன்னாலும் பின்னாலும் சொல்ல வேண்டியவை. விதி, பேருந்து, கறுத்த திரை, ஒலிபெருக்கி. ஆனால் அக்கா கேட்டதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"கேட்டுச்சும்மா."

"கேட்டும் விட்டீங்களா?"

சித்தியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், அதை நான் சொல்ல வேண்டும். பிறகு துணியை எடுத்து, துடைத்த தட்டையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். சித்தி திரும்பி நடந்தார். தெருமுனை வரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களில் கடை மூடிக் கிடந்தது. அக்கா தன் அண்ணனோடு போய்விட்டார், எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சுரங்கப்பாதையில் போக மாட்டேன் என்று சொல்லி, சாமான் ஏற்றிய வண்டியை மலையைச் சுற்றிப் போகும் பழைய சாலையில் விடச் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான் சித்தி என்னிடம் சொல்லத் தொடங்கினார். சித்தப்பா தைத்த துணிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டியபடி, ஒருநாள் கொஞ்சம், ஒருநாள் கொஞ்சம். மேலே நான் எழுதியதெல்லாம் அப்படிக் கேட்டதுதான். ஒரு விஷயத்தை மட்டும் கடைசிவரை வைத்திருந்தார். விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காற்றை முழுக்கக் கூட்டியதும் காற்றாடிகளின் இரைச்சல் மைக்கில் ஏறியது. மேல்பக்கத்துக்கு அது கேட்டிருக்கும். வேனின் மேல் காற்று மோதியும் இருக்கும். புகை தரைக்கு இறங்கும் முன் கொஞ்ச நேரம் இருந்தது. ஹார்ன்கள் எல்லாம் நின்றன. வழக்கம்போல, காற்று வந்ததும் நின்றன. கேட்டது கிடைத்துவிட்டது என்று நிறுத்தினார்கள். அப்போது சித்தி ஒலிபெருக்கியில் மறுபடி கத்தப்போனார். அதற்குள் ஒரே ஒரு ஹார்ன். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

"அதை நான் அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றார் சித்தி. "உன் புருஷன் எனக்கு நன்றி சொன்னார்னு சொல்லட்டுமா? எந்த வாயால சொல்ல?"

சித்தப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டார். ஊசியை வாயிலிருந்து எடுத்து சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.

நான் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது" என்றார். "யாரு படிக்கப்போறா" என்றும் சொன்னார்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். மூடின குழாய் இன்னும் மூடித்தான் இருக்கிறது. கருவி வரவில்லை. இரண்டு வாசலிலும் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: உள்ளே ஹார்ன் அடிக்கக் கூடாது. எதற்கு என்று அதில் இல்லை. சத்தம் போடாதே என்று சொல்கிறார்கள் என நினைத்து, ஓட்டுநர்கள் வீம்புக்கு முன்னைவிட அதிகமாக அடிக்கிறார்கள். ஊழியர்கள் மனம் குழம்பக் கூடாது என்று ஃபோன் கூண்டுகளின் மைக்கை அறையிலிருந்து துண்டித்துவிட்டார்கள். சித்தி மறுபடி அதே நாற்காலியில் உட்காருகிறார். வேறு வேலை கிடைக்கவில்லை. சத்தமே இல்லாமல் திரையில் வண்டிகள் ஓடுகின்றன. வீட்டுக்கு வந்ததும் ஒருநாள் நான் எப்படி இருந்தது என்று கேட்டேன். "இப்ப ஒண்ணுமே கேட்கலை" என்றார். பிறகு கெண்டியை அடுப்பில் வைத்தார்.

ரொட்டிக் கடை அக்கா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். கேட்டது. உங்கள் வீட்டுக்காரரின் ஹார்ன் முதலிலும் கேட்டது, கடைசியிலும் கேட்டது. அவர் பயந்துபோய் இல்லை, காற்று வந்துவிட்டது என்று நம்பித்தான் அதை அடித்தார். இது உங்களுக்கு ஆறுதலா, இன்னும் பெரிய அடியா என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி அதை ஆறுதல் என்று நினைக்கவில்லை. ஆனால் அது உங்களுடையது. எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். லாரி ஓட்டுகிறவர்கள், பேருந்தில் போகிறவர்கள், சுரங்கப்பாதை வழியே வேலைக்குப் போகிறவர்கள் யாரிடமாவது. உள்ளே புகை கண்டால் ஹார்ன் அடிக்க வேண்டாம், காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், வண்டியை விட்டுவிட்டுக் கதவுக்கு நடங்கள் என்று சொல்லுங்கள். இப்படி வாயிலிருந்து வாய்க்குப் போனால், எங்கேயாவது அடுப்புக்கு முன்னால் நிற்கும் ஒரு பெண்ணுக்கும் அது போய்ச் சேரலாம். சேரும் என்று நான் பெரிதாக நம்பவில்லை. இருந்தாலும் சொல்லுங்கள்.